ஆறு பத்துக்கு விழும் சிவப்புப் புள்ளி

"கணக்கெடுத்த தாள்ல நாலு இருக்கு. மேப்ல மூணு இருக்கு. எப்படி?"

"நான் போடல சார்."

"உங்க ஷார்ட்கட்டுதானே இது? QQ. பதிவுல அப்படித்தான் வந்திருக்கு."

"நேத்து நான் அஞ்சே முக்காலுக்கே கிளம்பிட்டேன். புள்ளி விழுந்த நேரத்தப் பாருங்க. ஆறு பத்து."

ராம்குமார் சார் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்போ பேய் வந்து போட்டுச்சா என்று கேட்டார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன ஜூலை பதினாறு, புதன்கிழமை. காலை பத்து இருபது.

இதைக் கதை என்று நினைக்கிறவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். தேதியையும் நேரத்தையும் அன்றன்றைக்கே ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வீட்டு எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். தெருவின் பெயரைச் சொல்லமாட்டேன். ஏன் என்று படித்து முடித்ததும் உங்களுக்கே புரியும்.

என் பெயர் மதுமதி. தி.நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கணினியில் வரைபடம் வரைவதுதான் வேலை. ஏழு மெஷின்கள். ராம்குமார் சார்தான் மேலாளர். அந்த வருடம் ஒரு தனியார் நிறுவனத்துக்காகக் குப்பை வண்டிகள் போகும் பாதையை வரைந்துகொண்டிருந்தோம். மந்தைவெளியில் ஆரம்பித்து ராஜா அண்ணாமலைபுரம் வரை, ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கவேண்டும். பக்கத்தில் அந்த வீட்டில் எத்தனை பேர் என்ற எண். எண்ணிக்கை, தெருவில் இறங்கிக் கணக்கெடுத்தவர்கள் எழுதிக் கொடுத்த தாளில் இருக்கும்.

புள்ளி வைக்க ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்யவேண்டும். கேட்மார்க்ரெசிடென்ட்ஸ். ஆங்கிலத்தில் பதினேழு எழுத்து. புதிதாகச் சேர்ந்த மூன்று பேர் இதில்தான் திணறினார்கள். அவர்களில் மரியசெல்வத்துக்கு நாற்பது வயது. பட்டினப்பாக்கம். பதினைந்து வருடம் மீன் ஏற்றும் வேன் ஓட்டியவர், முதுகுவலி வந்ததால் இந்த வேலைக்கு வந்திருந்தார். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பார். "இந்தப் பேர அடிச்சி முடிக்கிறதுக்குள்ள வூட்ல இருக்கறவங்க காலி பண்ணிக்கினு பூடுவாங்க மேடம்" என்பார்.

அவர்களுக்குப் பாடம் எடுப்பது என் பொறுப்பு. நீளமான கட்டளைகளுக்குச் சுருக்கப் பெயர் வைப்பது எப்படி என்பதுதான் முதல் பாடம். ரொம்பச் சுலபம். சுருக்கங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். ஒரு வரியில் சுருக்கம், ஒரு காற்புள்ளி, அப்புறம் முழுக் கட்டளை. அவ்வளவுதான். வலது கை சுட்டியை விடக்கூடாது என்பதால் இடது கைக்கு எட்டும் எழுத்தாகத் தேர்ந்தெடுக்கவேண்டும். ஒரே சுருக்கம் இரண்டு வரிகளில் இருந்தால் கீழே இருப்பதுதான் செல்லும்.

ஜூலை பதினான்கு, திங்கட்கிழமை, அந்தக் கோப்பின் கடைசியில் நான் ஒரு வரி சேர்த்தேன். QQ அடித்தால் சிவப்புப் புள்ளி.

QQ ஏற்கெனவே அந்தக் கோப்பில் இருந்தது. வேறு ஒரு கட்டளைக்கு. ஓரிடத்தைத் தொட்டால் அது எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லும் கட்டளை அது. வரைபடத்தில் எந்தத் தடயமும் விடாது. சும்மா பார்ப்பதற்கு. யார் எழுதிய வரி என்று விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை, யாரும் பயன்படுத்தவும் இல்லை. பொதுக் கோப்பில் மற்றவர் விரல் பழகிய சுருக்கத்தை மாற்றக்கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத விதி. யாரும் பழகவில்லை என்றுதான் நினைத்தேன்.

அன்று மாலை முதல் புள்ளி விழுந்தது. 33ஆம் எண் வீடு. மூன்று பேர், தாளில் இருந்தபடியே. ஆறு பத்து.

செவ்வாய் மாலை இரண்டாவது. 35ஆம் எண். மூன்று பேர் என்று இருந்தது. தாளில் நான்கு. அதற்குத்தான் புதன்கிழமை திட்டு வாங்கினேன்.

இரண்டு புள்ளிகளும் நான்காம் மெஷினிலிருந்து வந்திருந்தன. அது புதியவர்கள் பழகும் மெஷின். அவர்கள் ஐந்து மணிக்கே போய்விடுவார்கள். வரைபடம் திறக்க இருபது நிமிடம் பிடிக்கும் என்பதால் நாங்கள் எந்த மெஷினையும் அணைப்பதில்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று விட்டிருப்பேன். ஆனால் புள்ளிகள் விழுந்தது ஷீட் பதினான்கில், அதாவது வரைபடத்தின் பதினான்காம் பகுதியில். அதில் வீடுகளை வரைந்திருந்தோம், புள்ளி வைக்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

இன்னொன்று... அது என் தெரு.

41ஆம் எண் வீட்டின் மாடியில்தான் நானும் தங்கை ஸஹானாவும் வாடகைக்கு இருந்தோம். கீழ்ப்பகுதி பூட்டிக் கிடந்தது, உரிமையாளர் வெளிநாட்டில். ஸஹானா கல்லூரி இரண்டாம் வருடம். அப்பா அம்மா திருவாரூரில். அலுவலகத்தில் இன்னும் என் பழைய நந்தனம் விடுதி முகவரிதான் இருந்தது. மாற்றிக்கொடுக்கச் சோம்பல்.

புதன் மாலை வீட்டுக்குப் போகும் வழியில் 35ஆம் எண் வாசலில் நின்றேன். ஜெயலக்ஷ்மி மாமி எனக்கு முகப் பழக்கம். கணக்கெடுப்பில் ஒரு சந்தேகம், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன்.

"நாலு பேர்தாம்மா. நான், மாமா, பிள்ளை, மாட்டுப்பொண்ணு. அன்னிக்கே சொன்னேனே."

மாமியின் மகன் ஸ்ரீநாத் ஷூ கழற்றிக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. "மேப்ல மூணா போட்டுட்டேள்? யாரை விட்டேள், என்னைத்தானே?" என்று சிரித்தார். திருத்திவிடுகிறேன் என்றேன். கிளம்பும்போது மாமி இன்னொன்றும் சொன்னாள். முந்தின நாள் விளக்கேற்றும் நேரத்தில் அழைப்பு மணி அடித்ததாம். போய்ப் பார்த்தால் யாரும் இல்லையாம்.

மணி எத்தனை இருக்கும் என்று கேட்டேன்.

"ஆறேகால்னு வெச்சுக்கோயேன். அதுக்குக் கொஞ்சம் முன்னால."

எனக்கு மொழிபெயர்ப்பு நாவல்கள் என்றால் உயிர். அவற்றில் பேய்கள் பனி விழும் ஊர்களில், பெரிய மாளிகைகளில், மெழுகுவத்தி அணைந்த பிறகு வரும். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையெல்லாம் ருசித்துப் படித்திருக்கிறேன். தி.நகரில் குளிர்சாதன அறையில் குழல் விளக்குக்குக் கீழே, எல்லோரும் டீ குடிக்கும் நேரத்தில் வரும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

வியாழன் காலை போய்ப் பார்த்தேன். புதிய புள்ளி. 37ஆம் எண். இரண்டு பேர். புதன், ஆறு பத்து. தாளிலும் இரண்டுதான்.

அன்று மாலை தெருவுக்குள் திரும்பும்போதே பார்த்துவிட்டேன். 35ஆம் எண் வாசலில் நீல பிளாஸ்டிக் நாற்காலிகள். கண்ணாடி ஐஸ் பெட்டி. ஊதுவத்தி.

ஸ்ரீநாத்.

விடியற்காலை நாலு மணிக்குத் தூக்கத்திலேயே போய்விட்டாராம். இதயம் என்றார்கள். எந்த நோயும் இருந்ததில்லையாம்.

மாமி என்னைப் பார்த்தாள். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. நான் நிற்கவில்லை.

அந்த வீட்டில் இப்போது மூன்று பேர்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கே அலுவலகம் போனேன். புதிய புள்ளி இருந்தது. 39ஆம் எண். ஐந்து பேர். தாளிலும் ஐந்து. அடுத்தது எந்த வீடு என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை.

நான்காம் மெஷினில் அடிக்கும் ஒவ்வொரு கட்டளையும் நேரத்தோடு பதிவாகும். அந்தப் பதிவை முதலிலிருந்து திறந்தேன்.

மார்ச் மூன்று, மாலை ஆறு பத்து. QQ. மந்தைவெளி, ஷீட் ஒன்று, முதல் வீடு.

மார்ச் நான்கு, ஆறு பத்து. QQ. இரண்டாவது வீடு.

மார்ச் ஐந்து...

ஒரு நாள்கூட விடவில்லை. ஞாயிறு, தமிழ்ப் புத்தாண்டு, மே தினம். அலுவலகம் பூட்டிக் கிடந்த நாட்களிலும். சில தெருக்களை விட்டுவிடும். நுழைந்த தெருவில் வரிசையாகப் போகும். மே மாதம் நான்காம் மெஷின் பழுதாகி ஒன்பது நாள் கடையில் கிடந்தது. அந்த ஒன்பது நாளும் QQ இரண்டாம் மெஷினின் பதிவில் இருந்தது. ஆகவே அணைத்துப் பயனில்லை.

அது எப்போதிலிருந்தோ வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எண்ணிக்கொண்டும் இருந்திருக்கலாம். தடயம் விடாததால் யாருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை நான் அதன் கையில் சிவப்புப் பேனாவைக் கொடுத்திருந்தேன்.

41ஆம் எண். தாளில் இரண்டு என்று இருந்தது.

இன்று எத்தனை என்று விழும்? இரண்டா?

ஒன்றா?

நாலரைக்கு ஸஹானாவைக் கூப்பிட்டேன். கபாலி கோவிலுக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு மேல் வீட்டுக்கு வா என்றேன். காலையிலிருந்தே காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை என்றாள். குரல் மெலிந்திருந்தது. யார் மணி அடித்தாலும் திறக்காதே என்றேன். ஏன் என்று கேட்டாள். வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

கிளம்பிப் போய்விடலாம் என்று பையை எடுத்தேன். பிறகு யோசித்தேன். வீட்டில் இருந்தால் மணி அடிப்பதைக் கேட்கலாம். அவ்வளவுதான் முடியும். இங்கே இருந்தால் ஏதாவது செய்யலாம்.

பையை வைத்தேன்.

ஐந்தரைக்கு நான்காம் மெஷினில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். முதலில் கோப்பிலிருந்து QQ வரிகள் இரண்டையும் அழித்தேன். அப்புறம் ஷீட் பதினான்கைத் திறந்தேன். 41ஆம் எண் வீட்டைத் தேர்ந்தெடுத்தேன். அழித்தேன். காலி இடம் தெரியக்கூடாது என்று 39இன் மதிலை இழுத்தேன், 43இன் மதிலை இழுத்தேன். இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டன. விமானத்திலிருந்து எடுத்த படத்தில் எங்கள் வீட்டை ஒரு தூங்குமூஞ்சி மரம் முழுக்க மூடியிருக்கும். இனி அங்கே ஒரு வீடு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கணக்கெடுத்த தாளையும் உருவி என் பையில் போட்டுக்கொண்டேன்.

வரைபடத்தில் பொய் வரைந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

எல்லோரும் போய்விட்டார்கள். மரியசெல்வம் மட்டும் அன்று ஐந்து மணிக்குப் போகாமல் முதல் மெஷினில் பழகிக்கொண்டிருந்தார். ஆறு ஐந்துக்கு எழுந்து வந்தார். "இன்னா மேடம், மூஞ்சி பேஸ்தடிச்ச மாதிரி கீது. டீ வாங்கியாரவா?" என்றார். தலையாட்டினேன். படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. கீழே கடையில் யாரோ பித்தளைப் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தார்கள். ணங்...

ஆறு ஒன்பது.

கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். விசைப்பலகை எனக்கு முன்னால் இருந்தது. யாரும் தொடவில்லை.

ஆறு பத்து.

கட்டளை வரியில் ஒரு எழுத்து விழுந்தது.

Q.

இன்னொன்று.

Q.

'அறியப்படாத கட்டளை' என்றது மெஷின்.

QQ.

அறியப்படாத கட்டளை.

QQ.

அறியப்படாத கட்டளை.

நின்றது. ஏசியின் இரைச்சல் மட்டும். போய்விட்டது என்று நினைத்தேன். மூச்சு விட்டேன்.

G.

...

A.

...

T.

...

S.

S அழிந்தது. அந்த இடத்தில் E வந்தது.

பதினேழு எழுத்தையும் அடித்தது. ஒவ்வொன்றாக. தேடித் தேடி. புதிதாகப் பழகுகிறவர் மாதிரி. ஒரு விசைகூட அசையவில்லை.

'இடத்தைக் காட்டவும்' என்றது மெஷின்.

திரையில் சுட்டியின் குறுக்குக் கோடு நகர்ந்தது. 39இன் வாசலுக்கு வந்தது. மதிலோரமாகவே ஊர்ந்தது. 43க்கு வந்தது. நின்றது.

திரும்பியது.

39.

மறுபடி மதிலோரமாக...

43.

ஏழு முறை. நான் எண்ணினேன்.

ஆறு பதினாலுக்குக் கோடு அசையாமல் நின்றது. மதில்கள் முட்டும் இடத்தில். சரியாக அந்த இடத்தில்.

கட்டளை வரியில் எழுத்து விழுந்தது.

41

கொஞ்ச நேரம் கழித்து,

41 ?

எனக்குப் பின்னால் யாரோ குனிந்து என் முகத்தைப் பார்ப்பது போல இருந்தது. நான் திரும்பவில்லை.

படியில் செருப்புச் சத்தம். மரியசெல்வம். கையில் டீ. திரை சாதாரணமாக இருந்தது.

ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போகும்போது மணி ஏழு ஐந்து. ஸஹானா உட்கார்ந்து பிரெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது. மணி அடித்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகு அவளே சொன்னாள். "ஆனா யாரோ கீழ தெருவுல நடந்துகிட்டே இருந்தாங்கக்கா. பக்கத்து வீட்டு கேட்டுலேருந்து அந்தப் பக்கத்து கேட்டு வரைக்கும். போறதும் வர்றதுமா. வீடு தேடற கூரியர்காரர்னு நெனச்சேன்."

ஆள் எப்படி இருந்தார் என்று கேட்டேன்.

"பாக்கல. செருப்புச் சத்தம்தான் கேட்டுச்சு."

ஆகஸ்டு முதல் வாரம் வேலையை விட்டேன். ஷீட் பதினான்கு 41ஆம் எண் இல்லாமலே போனது. வீட்டை மாற்றலாம் என்று பலமுறை தோன்றியது. ஆனால் அது தேடுவது அந்த வீட்டையா எங்களையா என்று எனக்குத் தெரியாது. இன்னொரு வீட்டுக்குப் போனால், அந்த வீடு யாருடைய வரைபடத்தில் இருக்கும் என்றும் தெரியாது. இங்கேயே இருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. நான் மறுபடி புத்தகம் படிக்க ஆரம்பித்தேன்.

செப்டம்பர் மூன்று, புதன்கிழமை. மாலை ஆறு ஆறு. மரியசெல்வம் கூப்பிட்டார்.

சௌக்கியம் விசாரித்தார். இப்போது ஒரு விரல் இல்லை, நாலு விரலால் அடிப்பதாகப் பெருமைப்பட்டார். அப்புறம் தொண்டையைச் செருமினார். நிறுவனம் ஷீட் பதினான்கைத் திருப்பி அனுப்பிவிட்டதாம். மின் இணைப்புக் கணக்கில் ஒரு வீடு அதிகம் இருக்கிறதாம், வரைபடத்தில் காணோமாம். அந்தக் கணக்கெடுத்த தாளும் கிடைக்கவில்லையாம். ஷீட் இப்போது அவர் பொறுப்பில். வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்தால்தான் வேலை நிரந்தரம் என்று ராம்குமார் சார் சொல்லிவிட்டாராம். பெரிய பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டும் என்றார்.



மெஷின்களிலும் ஏதோ வைரஸ் என்றார். எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்து மறுபடி ஏற்றிப் பார்த்தார்களாம், போகவில்லையாம். தினம் ஆறு பத்துக்கு அதுவாக அடிக்கிறதாம். முன்பெல்லாம் ஒரு மெஷினில், இப்போது ஏழிலும்.

"நல்லா டைப் பண்ணுது மேடம். என்னிய வுட ஃபாஸ்ட்டு. அந்தப் பதினேழு எழுத்தையும் ஒரே மூச்சுல அடிக்குது. எடம் காட்டுன்னு கேக்கும்ல, அங்க நாப்பத்தொண்ணுன்னு அடிக்குது."

அப்புறம் என்று கேட்டேன்.

"நேத்துலேர்ந்து இன்னொண்ணும் பண்ணுது. மெஷின் எத்தினி பேருன்னு கேக்கவே இல்ல, அதுக்கு மின்னாடியே நம்பரையும் போட்டு வெச்சிடுது."

"என்ன நம்பர்?"

"ஒண்ணு."

உள்ளறையில் ஸஹானா பரீட்சைக்குச் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலை மூடினேன். சுவரில் கடிகாரம் ஆறு ஒன்பது காட்டியது.

"அதான் மேடம் உங்களுக்குப் போட்டேன். இந்த ஷீட்ட கடைசியா தொட்டது நீங்கதான்னு பதிவுல கீது. நாப்பத்தொண்ணு எந்த எடத்துல இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க மேடம். நானே வரைஞ்சி வெச்சிடறேன்."